தெய்வ உடலுக்கு முந்நூறு ரூபாய்!

பெயர் வைப்பதிலே நம் நாட்டு ஆட்சியாளருக்கு நிகர் அவர்களே! ஊருக்குப் பெயர், தெருவுக்குப் பெயர், திட்டத்துக்குப் பெயர், தொடர்வண்டி நிலையத்துக்குப் பெயர் என்று சூட்டிச் சூட்டி அவர்கள் கைகள் சிவந்துவிட்டன. அந்த வரிசையிலேதான், 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், தலைமையமைச்சர் மோடி வானொலியிலே பேசுகையில், உடற்குறை உடையோரை இனி 'திவ்யாங்' என்று அழைக்கலாமே என்றொரு கருத்தை நாட்டுக்கு வழங்கினார். 'திவ்ய' என்றால் தெய்வத்தன்மை வாய்ந்தது. 'அங்கம்' என்றால் உறுப்பு. விரைவிலேயே டில்லித் துறையின் பெயர்ப்பலகையிலும் அந்தச் சொல் ஏறி அமர்ந்தது.

பார்வையற்ற தோழரின் கண்ணிலே தெய்வம்! நடக்கவியலாத தோழரின் காலிலே தெய்வம்! பேசவியலாத தங்கையின் நாவிலே தெய்வம்! கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் தெய்வம் என்று சொல்லிவிட்டால் படையல் வேண்டுமல்லவா? கற்சிலைக்கு ஆறு காலப் பூசை நடக்கிற நாட்டிலே, உயிருள்ள இந்தத் தெய்வத்துக்கு டில்லி அளக்கும் படையல் என்ன தெரியுமா, தோழர்களே? திங்கள் ஒன்றுக்கு முந்நூறு ரூபாய். நாளொன்றுக்குப் பத்து ரூபாய். நம் நெல்லைச் சீமையின் தேநீர்க் கடையிலே ஒரு தேநீரும் ஒரு வடையும் கேட்டால், அந்தத் தெய்வம் கடன் சொல்லித்தான் எழுந்து வரவேண்டும்!

ஏன் இப்படி என்று கேட்டால், நிதி நிலை என்பார்கள், விதிமுறை என்பார்கள். நாம் சொல்லுகிறோம்: இது நிதியின் கோளாறு அல்ல, நினைப்பின் கோளாறு. இயலாதோர்க்குத் தருவது உரிமைப் பங்கு என்று கருதாமல், இரக்கப்பட்டு இடும் பிச்சை என்று கருதும் பழைய நினைப்பு, புதிய பெயர் பூண்டு கருவூலத்தின் வாயிலிலே நிற்கிறது. அதைத்தான் இங்கே திறனாய விரும்புகிறோம்.

வெட்டாமல் வெட்டும் கலை

இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. அன்று கொடுத்தது 200 ரூபாய். 2012இல் அது 300 ஆயிற்று. அதன்பின் ஆட்சி மாறிற்று, அமைச்சர்கள் மாறினர், நாணயத் தாளே மாறிற்று. முந்நூறு மட்டும் மாறவில்லை! 2025ஆம் ஆண்டிலும் அதே முந்நூறு.

"குறைக்கவில்லையே, அப்படியேதானே கொடுக்கிறோம்" என்று கூறுவர். அங்கேதான் கலை இருக்கிறது. 2012ஆம் ஆண்டின் விலையை 100 எனக் கொண்டு அரசே கணக்கிட்டு வந்த நுகர்வோர் விலைக் குறியீடு, 2024ஆம் ஆண்டிலே 190ஐத் தாண்டிவிட்டது. அன்று நூறு ரூபாய்க்குக் கிடைத்த அரிசிக்கும் பருப்பிற்கும் மருந்துக்கும் இன்று நூற்றுத் தொண்ணூறு ரூபாய் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்றைய முந்நூறு, அன்றைய மதிப்பிலே ஏறத்தாழ நூற்றைம்பத்தேழு ரூபாய்தான்! பாதிக்குச் சற்றுக் குறைய அறுத்து எடுத்துவிட்டார்கள். அதற்கு ஓர் ஆணை உண்டா? இல்லை. நாடாளுமன்றத்திலே ஒரு வாக்கெடுப்பு உண்டா? இல்லை. செய்தித்தாளிலே ஒரு தலைப்பு உண்டா? அதுவும் இல்லை. கத்தியின்றி, குருதியின்றி, ஓசையின்றி, ஆண்டுக்கு ஆண்டு வெட்டு நடந்திருக்கிறது.

அரசு அலுவலருக்கு விலைவாசிக்கு ஏற்ப அகவிலைப்படி ஏறுகிறது, ஏறத்தான் வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் ஊதியத்தையும் விலைக் குறியீட்டோடு இணைத்துக்கொண்டார்கள். விலைவாசி என்னும் பேய் அவர்களை மட்டுமா பிடிக்கிறது? சக்கர நாற்காலியிலே அமர்ந்திருப்பவர் கடைக்குப் போனால், கடைக்காரர் 2012ஆம் ஆண்டு விலையிலா உப்பும் புளியும் தருகிறார்?

வெளிப்படையாக வெட்டியதும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைச் செயற்படுத்துவதற்கென்றே டில்லி வரவுசெலவுத் திட்டத்திலே ஒரு தலைப்பு இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குச் சாய்தளம் போன்ற வசதிகள் இந்தப் பணத்திலேதான் அமைய வேண்டும். 2022-23இல் அதற்கு ஒதுக்கியது ஏறத்தாழ 240 கோடி. 2023-24இல் 150 கோடி. 2024-25இல் 135 கோடி. சட்டத்திலே உரிமை ஏறுகிறது, கணக்கிலே காசு இறங்குகிறது! 2017 சூலையில் சரக்கு-சேவை வரி வந்தபோதோ, சக்கர நாற்காலிக்கும் பிரெய்ல் கருவிக்கும் 5 விழுக்காடு வரி விதித்தனர். கால் உள்ளவன் நடக்க வரியில்லை. கால் இல்லாதவன் நகர வரி! மாற்றுத்திறனாளிகள் நாடெங்கும் கண்டனம் எழுப்பினர். பத்து ரூபாய்ப் படையலை ஒரு கையால் இட்டு, மறு கையால் தட்டிலிருந்து எடுக்கும் பூசாரியை வேறெங்கும் கண்டதுண்டா?

எண்பது என்னும் எல்லைக்கல்

அந்த முந்நூறாவது எல்லார்க்கும் உண்டா? அதுவும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். உடற்குறை 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அரசின் அளவுகோலின்படி, ஒரு கண் முழுதும் இழந்தவர்க்குக் குறை 30 விழுக்காடு. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இழந்தவர் 80ஐ எட்டார். எஞ்சிய விழுக்காட்டுக் காலால் நடந்துபோய் அவர் மூட்டை தூக்கிப் பிழைக்கலாம் என்பது டில்லியின் கருத்துப் போலும்!

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, இந்தியாவில் உடற்குறை உடையோர் 2 கோடியே 68 இலட்சம் என்றது. தமிழ்நாட்டில் மட்டும் 11 இலட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். அக்கணக்கே குறைவு என்று சொல்வோர் உண்டு, இருக்கட்டும். இவர்களிலே டில்லியின் முந்நூறைப் பெறுவோர் தொகை, நாடு முழுவதும் சேர்த்தும், பத்து இலட்சத்தை எட்டவில்லை. இருபத்தைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதம்கூட இல்லை! எஞ்சியோரெல்லாம் தெய்வங்கள் அல்லரோ? அல்லது படையல் இல்லாத சிறு தெய்வங்களோ?

பங்கு இல்லை, படி உண்டு!

இந்த மனப்பான்மை நேற்றுப் பிறந்ததல்ல. அதன் வேரைத் தேடினால் மனுவிடம் போய்ச் சேருகிறோம். மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயம், பிறவியிலே கண்ணற்றவர், செவியற்றவர், ஊமையர், சித்தங் கலங்கியவர், உறுப்புக் குறைந்தவர் ஆகியோர்க்குக் குடும்பச் சொத்திலே பங்கு கிடையாது என்று விதிக்கிறது. அடுத்த விதியே, அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுத்துக் காப்பாற்றுக என்கிறது. பார்த்தீர்களா நுட்பத்தை! பங்கு இல்லை, படி உண்டு. உரிமை இல்லை, உணவு உண்டு. கையேந்தி நின்றால் சோறு போடுவோம். கணக்குக் கேட்டால் கதவைச் சாத்துவோம். பதினோராம் அத்தியாயமோ, குருடும் செவிடும் ஊமையும் முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்று காரணமும் கற்பித்துவிடுகிறது. பங்கை மறுக்க ஒரு விதி, மறுத்ததை நியாயப்படுத்த ஒரு வினை!

இந்தச் சொத்துரிமை மறுப்பை ஒழிக்க 1928இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், நோயோ உடற்குறையோ வாரிசுரிமைக்குத் தடையாகாது என்று முடிவு கட்டிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து மனு வெளியேறினார். சிந்தையிலிருந்து வெளியேறினாரா என்பதுதான் கேள்வி.

காவியங்களும் அவருக்குத் துணை நின்றன. திருதராட்டிரனுக்குக் கண்ணில்லை, ஆகவே மூத்தவனாயிருந்தும் அரியணை இளையவனுக்குப் போயிற்று. மந்தரைக்கு முதுகிலே கூன்; ஆகவே அவள் உள்ளமும் கூனல் என்று கதை கட்டப்பட்டது. சிறுவன் இராமன் வில்லால் மண்ணுருண்டை எய்து அந்தக் கூனிலே அடித்து விளையாடியதைக் கம்பரே குறிப்பிடுகிறார்; அவள் அதை மறக்கவில்லை என்றும் சொல்கிறார். கதை கேட்போர் மந்தரையின் சூழ்ச்சிக்காகப் பல்லைக் கடிக்கிறார்கள். ஊனமுற்ற பணிப்பெண்ணின் மீது உருண்டை எறிந்த அரச மகனுக்கு என்ன தண்டனை என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

நம் தமிழ் இலக்கியம் மட்டும் குற்றமற்றது என்று கூற நாம் முன்வரவில்லை. புறநானூற்றின் 28ஆம் பாட்டு, எட்டு வகைக் குறைகளை அடுக்கிச் சொல்லி, அப்பிறப்பால் பயனில்லை என்ற கருத்தை உரைக்கிறது. மணிமேகலையின் அமுதசுரபி, காணாதோர்க்கும் கேளாதோர்க்கும் நடவாதோர்க்கும் சோறிடுகிறது. அருள் மிக்க காட்சிதான். ஆயினும் அங்கும் அவர்கள் உண்போராகவே வருகிறார்கள், உழைப்போராகவோ உரிமை கேட்போராகவோ வரவில்லை.

குறளுக்கு நேர்ந்ததையும் காணுங்கள். ஆள்வினையுடைமை அதிகாரத்திலே வள்ளுவர், 'பொறி' இல்லாமை யார்க்கும் பழியாகாது, முயற்சியின்மையே பழி என்ற கருத்தை வைக்கிறார். 'பொறி' என்பதற்கு உறுப்பு, புலன் என்று பொருள் கொள்வோர் உளர். பரிமேலழகரோ விதி என்று உரை எழுதிவிட்டார். உறுப்பைப் பற்றிய பேச்சாகக் கொள்ளக்கூடிய இடத்திலே விதியைக் கொண்டுவந்து நிறுத்திய அந்த உரை, நூற்றாண்டுக் கணக்கில் பள்ளிதோறும் ஓதப்பட்டது. ஒரு சொல்லின் பொருள் மாறினால், ஒரு மக்கட்கூட்டத்தின் நிலையே மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதே தமிழகத்திலேதான் இரட்டைப்புலவர் வாழ்ந்தனர். ஒருவர்க்குக் கண் இல்லை, ஒருவர்க்குக் கால் இல்லை. இருவரும் சேர்ந்து கலம்பகம் பாடினர். அந்தகக்கவி வீரராகவர் பாடிப் பரிசு பெற்றார். தந்தை பெரியார் தம் இறுதி ஆண்டுகளிலே சக்கர நாற்காலியிலே அமர்ந்து, உடலோடு குழாயும் பையும் சுமந்து, வலியோடு ஊர் ஊராகச் சென்று முழங்கினார். 1973 டிசம்பர் 19 அன்று, மறைவுக்கு ஐந்து நாள் முன்னர்வரை முழங்கினார். அவரைத் 'தெய்வ உடல்' என்று அழைக்க எவனுக்காவது துணிவு உண்டா? அவர்க்கு வேண்டியது பட்டமா? மேடைக்கு ஏற ஒரு வழி, தூக்கி வைக்க நான்கு தோழர்களின் தோள், அவ்வளவே!

வினையா, வேலையா?

பழங்கதை பேசுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2024ஆம் ஆண்டிலே, சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியிலே, ஆன்மிகச் சொற்பொழிவாளர் ஒருவர், உடற்குறை முற்பிறவிப் பாவத்தால் வருவது என்று மாணவியர் முன்னிலையில் பேசினார். அங்கிருந்த பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அதே இடத்திலே எழுந்து மறுத்துக் கேட்டார். நாடு கொதித்தது, பேசியவர் தளைப்படுத்தப்பட்டார். கரும்பலகையின் முன் நிற்கும் நமக்கு அந்த ஆசிரியர் ஒரு பெருமை. ஆனால் பள்ளி மேடையிலே வினை பேசியவருக்குச் சிறை என்றால், வரவுசெலவுத் திட்டத்திலே வினையை எழுதி வைத்திருப்போர்க்கு என்ன?

நாம் வாழும் ஆதிச்சநல்லூரிலிருந்து கிழக்கே கடல்வரை நடந்து பாருங்கள். வினை எங்கே இருக்கிறது, வேலை எங்கே இருக்கிறது என்று தெரியும். தூத்துக்குடி உப்பளத்திலே, வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஆண்டுக்கணக்கில் கண்ணைக் கெடுக்கிறது. உப்பு நீர் காலை அரிக்கிறது. மூழ்கிச் சங்கெடுப்போர்க்கு நீரின் அழுத்தத்தால் செவிப்பறை கிழிகிறது. காற்றுக் குழாயைப் பற்றிக்கொண்டு ஆழத்திலே நெடுநேரம் இருந்து, விரைந்து மேலேறினால், குருதியில் கரைந்த நைட்ரசன் குமிழாகி நரம்பைத் தாக்குகிறது; போனவர் மீனாய் நீந்திப் போகிறார், வந்தவர் கால் முடங்கிப் படுக்கிறார். வடக்கே திரும்பினால், சாத்தூர், சிவகாசிப் பட்டாசுக் கொட்டகைகளிலே வெடித்துக் கை கருகியோர். இவர்களெல்லாம் முற்பிறவியிலே என்ன செய்தார்கள் என்று எந்த நூலைப் புரட்டுவது? இப்பிறவியிலே என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டால் விடை கிடைத்துவிடுகிறதே!

இக்கடலில் எடுத்த முத்து பாண்டியனின் புகழை ஏற்றிற்று; பின்னர்ப் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் கருவூலங்களுக்குப் போயிற்று. எத்தனை முத்து எடுத்தார்கள், எவ்வளவு விலை போயிற்று என்பதற்குக் கணக்கேடு உண்டு. அதை எடுத்தவன் இழந்த செவிக்கு ஏடு உண்டா? செல்வம் பொதுவாயிற்று, சேதம் மட்டும் அவன் தலையெழுத்தாயிற்று! அந்த ஏட்டிலே விடுபட்ட வரியை எழுதுவதற்குத்தான் உதவித்தொகை என்று பெயர். அது கொடை அல்ல. நாடு பட்ட கடன்.

இன்னொரு சான்று. இளம்பிள்ளைவாதம் எத்தனையோ ஆயிரம் குழந்தைகளின் காலை முடக்கிற்று. வினை என்றார்கள், அம்மன் சினம் என்றார்கள். இந்தியாவிலே கடைசியாக அந்நோய் கண்டது 2011 சனவரியில். 2014 மார்ச்சில் உலக நல நிறுவனம் சான்றளித்தது. எந்த யாகம் அதை ஒழித்தது? எந்தப் பரிகாரம் ஒழித்தது? இரண்டு சொட்டு மருந்து ஒழித்தது! இரண்டு சொட்டு மருந்துக்கு அஞ்சி ஓடிய வினை, என்ன வினையோ!

மெய்யெனக் காட்டு, மீண்டும் காட்டு!

வெட்டுவதற்கு இன்னொரு வழி, ஐயம். ஆந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 2024இல் அங்கே புதிய ஆட்சி, மாற்றுத்திறனாளிகளின் திங்கள் உதவியை 3,000 ரூபாயிலிருந்து 6,000 ஆக உயர்த்தியது. படுக்கையிலேயே கிடப்போர்க்கு 15,000. பாராட்டத்தக்க செயல். ஆனால் 2025இல் மறு சோதனை தொடங்கிற்று. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்கு, உமது குறை 40 விழுக்காட்டுக்குக் கீழ் என்று கூறி அறிக்கை போயிற்று. மக்கள் கொதித்தெழுந்த பின், மேல்முறையீட்டுக்கு வழிவிட்டு, அதுவரை கொடுக்கிறோம் என்று அரசு இறங்கி வந்தது. பொய்ச் சான்று தந்தவரைப் பிடிக்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. பொய்ச் சான்று எழுதிக் கொடுத்தவர் ஒருவர், அதை வாங்கி விற்றவர் ஒருவர். ஆனால் வரிசையிலே நின்று, உடையைத் தூக்கிக் காலைக் காட்டி, 'மெய்யாகவே நடக்க முடியாதா?' என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் மட்டும் இயலாதவரா?

கடலுக்கு அப்பாலும் இதே நாடகம்தான். பிரிட்டனிலே 2008 முதல், வேலை செய்யத் தகுதி உண்டா என்று சோதிக்கும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தனர். நலத்திட்ட வெட்டுகளை ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் அவையின் குழு, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் கடுமையாகவோ முறைப்படியாகவோ மீறப்பட்டுள்ளன என்று 2016இல் அறிக்கை தந்தது. அதன் பின்னும் 2025 மார்ச்சிலே, தொழிற்கட்சி அரசே ஏறத்தாழ 500 கோடி பவுண்டு மிச்சம் பிடிக்க வேண்டுமென்று புதிய வெட்டுத் திட்டத்தை நீட்டியது. தொழிலாளர் பெயரால் வந்த கட்சி! ஆனால் அங்கே நடந்தது என்ன? ஆளுங்கட்சி உறுப்பினர் நூற்றுக்கு மேற்பட்டோர் எதிர்த்தனர். மாற்றுத்திறனாளிகள் தெருவுக்கு வந்தனர். 2025 சூலை முதல் நாள், வாக்கெடுப்புக்குச் சற்று முன்பாக, அன்றாட உதவித்தொகை பெறும் தகுதியை இறுக்கும் பகுதியை அரசே கைவிட்டது. நோயால் வேலைக்குப் போகவியலாத புதியவர்க்கான தொகையைக் குறைக்கும் பகுதி மட்டும் சட்டமாயிற்று. முழு வெற்றி அல்ல. ஆனால் வெட்டும் கையைப் பாதியிலே நிறுத்த முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

பணம் இல்லையாம்!

'எல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது?' என்பார் கணக்கர். சொல்லுகிறோம். 2019 செப்டம்பரிலே பெருங்குழுமங்களின் வருமான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். அதனால் ஓராண்டில் அரசு இழக்கும் தொகை 1 இலட்சத்து 45 ஆயிரம் கோடி என்று நிதியமைச்சரே அறிவித்தார். மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு டில்லி ஓராண்டில் ஒதுக்கியது 290 கோடி. வகுத்துப் பாருங்கள்: அந்த ஒரே ஆண்டுச் சலுகை, இயலாதோரின் ஐந்நூறு ஆண்டு ஓய்வூதியம்! செல்வர்க்கு விடும்போது 'ஊக்கம்' என்று பெயர். இல்லார்க்குத் தரும்போது 'சுமை' என்று பெயர். மறுபடியும் பெயர் சூட்டும் திருவிளையாடல்தான்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ஆதிச்சநல்லூர்ப் பரம்பிலே 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்து தாழிகளையும் இரும்பையும் வெண்கலத்தையும் பொற்பட்டங்களையும் எடுத்தார். 2020ஆம் ஆண்டு வரவுசெலவு உரையிலே, காட்சியகம் அமையும் ஐந்து தொல்லிடங்களிலே ஒன்றாக இவ்வூரின் பெயர் ஒலித்தது. 2023 ஆகஸ்டிலே நிதியமைச்சரே வந்து திறந்துவைத்தார். முன்னோரின் எலும்பும் தாழியும் கிடந்த குழியின் மேல் கண்ணாடி பதித்துக் காட்டுகிறார்கள். மகிழ்கிறோம், தமிழனின் தொன்மையை உலகு காணட்டும். ஆனால் கேட்கிறோம்: மூவாயிரம் ஆண்டுக்கு முன் மாண்டவரின் எலும்புக்குக் கண்ணாடி இடும் நிதியமைச்சகம், அக்கண்ணாடிமேல் நிற்க இன்று ஊன்றுகோல் தேடுபவரின் எலும்புக்கு ஏன் பதின்மூன்று ஆண்டாக முந்நூறு?

நம் வீட்டுக் கணக்கு

பிறர் முதுகைப் பார்த்த நாம், நம் முதுகையும் பார்ப்போம். 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைத் தந்தவர் கலைஞர். அச்சொல்லிலே தெய்வம் இல்லை, திறன் இருக்கிறது. வானத்திலிருந்து இறங்காமல், மனிதனிடமிருந்து எழுகிறது. சொல்லோடு நில்லாமல் அதற்கெனத் தனித்துறையும் வந்தது. தமிழ்நாட்டில் உதவித்தொகை 2023 சனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆயிற்று. பயன் பெற்றோர் நான்கு இலட்சத்துக்கு மேல். கடும் பாதிப்புடையோர்க்கான பராமரிப்புத் தொகை 2,000 ஆயிற்று. டில்லியின் முந்நூறோடு ஒப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்தலாம்.

ஆனால் முந்நூறோடு ஒப்பிட்டு நிமிரும் நெஞ்சு, நெஞ்சா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பிறர்க்குரிய ஒத்த திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 விழுக்காடேனும் கூடுதலாகத் தருக என்கிறது. 2023இல் நம் மாநிலத்தில் முதியோர்க்கு 1,200. அதனோடு கால் பங்கைக் கூட்டினால் சரியாக 1,500! சட்டம் 'குறைந்தது' என்று கோடு கிழித்த இடத்திலே, ஒரு ரூபாயும் மிகாமல் போய் நின்றோம். பக்கத்து ஆந்திரம் 6,000 தந்தது. தெலங்கானா 2023இல் 4,016 தந்தது. ஆந்திரத்துக்கு இணையாக உயர்த்துக என்று தமிழ்நாடு அனைத்துவகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் தெருவிலே இறங்கிக் கேட்டது. சமூக நீதியின் தாயகம் என்று மார்தட்டும் மாநிலம், இந்த வரிசையிலே அண்டையாரின் பின்னே நிற்பது அழகா? எந்தக் கட்சி கோட்டையிலே அமர்ந்தாலும் இக்கேள்வி ஓயக்கூடாது. நம்மவர் ஆண்டால் மெல்லக் கேட்பதும், மாற்றார் ஆண்டால் உரக்கக் கேட்பதும் பகுத்தறிவு ஆகாது.

உட்கார இடம் கிடைத்தது; எழுப்புவோம் குரலை

அமெரிக்காவிலே 1973இல் ஒரு சட்டம், அரசுப் பணம் பெறும் எந்த இடத்திலும் உடற்குறையைக் காட்டி ஒதுக்கக்கூடாது என்றது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளை நான்கு ஆண்டு இழுத்தடித்தனர். 1977 ஏப்ரலிலே, சான் பிரான்சிஸ்கோ நகரின் அரசுக் கட்டடத்துக்குள் சக்கர நாற்காலியோடும் ஊன்றுகோலோடும் நுழைந்து, ஏறத்தாழ நான்கு வாரம் வெளியேற மறுத்து அமர்ந்தனர் மாற்றுத்திறனாளிகள். அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? கருஞ்சிறுத்தைக் கட்சியின் தோழர்கள்! நிறத்தால் ஒதுக்கப்பட்டவன், உறுப்பால் ஒதுக்கப்பட்டவனுக்குச் சோறு கொண்டுவந்தான். அது பிச்சைச் சோறு அல்ல, போராட்டச் சோறு. விதிகளிலே கையெழுத்து விழுந்தது.

நமக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளிலே மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கச் சட்டம் இயற்றியது. சிற்றூராட்சிகள், ஒன்றியங்கள், மாவட்ட ஊராட்சிகள். அதற்கு மேலே பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. மனு மறுத்த பங்கின் ஒரு துண்டு இது. அந்த இருக்கையிலே அமர்பவர், தலையாட்டும் பொம்மையாக இருக்கக்கூடாது. அவர் பேச, நாம் துணை நிற்க வேண்டும்.

ஆகவே, படிப்பகத் தோழர்களே! கிராமசபை கூடும் நாளிலெல்லாம், உங்கள் ஊரில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் எத்தனை பேர் என்ற கணக்கோடு செல்லுங்கள். பள்ளிக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் சாய்தளம் உண்டா என்று கேளுங்கள். இல்லையேல் தீர்மானம் எழுதுங்கள். அடையாள அட்டைக்கு அலையும் முதியவரின் விண்ணப்பத்தைப் படிப்பகத்திலேயே அமர்ந்து நிரப்பிக் கொடுங்கள். உதவித்தொகையை விலைக் குறியீட்டோடு இணைக்க வேண்டும், எண்பது என்னும் எல்லைக்கல்லைப் பிடுங்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு, இயலாமையுற்றோர்க்கு அரசின் உதவியை அரசுக்குரிய நெறியாகவே வகுத்திருக்கிறது. நாம் கேட்பது புதிதல்ல. எழுதி வைத்ததை எண்ணிக் கொடு என்கிறோம்.

தெய்வம் என்று அழைத்தது போதும். தெய்வத்துக்குப் பசியில்லை, ஆகவே அதற்கு முந்நூறும் மிகுதிதான். இவர்கள் மனிதர். மனிதனுக்குப் பசி உண்டு, வாடகை உண்டு, மருந்துச் சீட்டு உண்டு, மானமும் உண்டு. மனுவின் படி அவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்குரிய பங்கை எடுத்து வையுங்கள்!